கண்வலிக்கிழங்கு: பூ குவிகிறது, காய் பிடிக்கவில்லை. டானிக் அடிக்கலாமா?

தாராபுரம் பக்கம் ஒரு ஏக்கர் செம்மண்ணில் இரண்டாம் ஆண்டாகக் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், நிற்கிறது. பந்தல் முழுக்கப் பூ, ஆனால் நூறு பூவுக்குப் பத்துக் காய்கூட நிற்கவில்லை. உரக்கடைக்காரர் காய் பிடிக்க ஒரு டானிக் தருகிறேன் என்கிறார், அடிக்கலாமா, அல்லது தேனீப் பெட்டி வைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. போன ஆண்டு எடுத்த மணி, அதாவது மருந்துக்கு விற்கும் விதை, நாற்பது கிலோ வீட்டில் இருக்கிறது, விலை ஏறும்வரை வைத்திருக்கலாமா என்று கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். முதல் கேள்வியை வேறு மாதிரி கேட்டால்தான் விடை கிடைக்கும். பூவைக் காயாக்கச் செடிக்கு என்ன கொடுப்பது என்பதல்ல, பூவின் சூல்முடிக்கு, அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனிக்கு, மகரந்தம் போய்ச் சேர்கிறதா என்பதே இங்கே பார்க்க வேண்டியது. நீங்கள் எழுதியிருக்கும் அளவுக்குக் காய்ப்பு குறைந்திருந்தால், பெரும்பாலான வயல்களில் காரணம் அதுதான்.

நாளைக் காலை ஒரு பூவைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழும் ஓரம் நெளிந்து, பின்புறமாக மேல்நோக்கி வளைந்து நிற்கும். கீழே பச்சையாக முப்பட்டையில் ஒரு சூலகம். ஆறு மகரந்தக் காம்பும் அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரம்போல வெளிப்பக்கம் விரிந்திருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் மகரந்தப் பை குறுக்கே உட்கார்ந்து ஆடும். இப்போது சூல்தண்டைக் கவனியுங்கள். சூலகத்தின் அடியிலிருந்து அது நேராகக் கீழே இறங்காமல், அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி ஒரு பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் மூன்றாகப் பிரிந்த சூல்முடி. மகரந்தப் பைகளும் வெளிப்பக்கமாகத்தான் வெடிக்கும். அதாவது, தன் மகரந்தம் தன் சூல்முடியில் தானாக விழாதபடிதான் இந்தப் பூவின் அமைப்பே இருக்கிறது. காற்று அடித்தும் பெரிதாக எதுவும் நடக்காது, தூள் ஒட்டும் தன்மை உள்ளது.

காட்டில் இந்த வேலையைப் பெரிய வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டும் செய்கின்றன. தேன் இதழின் அடியில் இருக்கிறது. அதை உறிஞ்ச வரும் பெரிய பூச்சியின் இறக்கையும் குருவியின் உடம்பும் மகரந்தப் பையிலும் படும், சூல்முடியிலும் படும். தேனீ சிறிய உருவம். இதழடியில் நேராகப் போய்த் தேனை எடுக்கலாம், அல்லது ஒரு பையில் உட்கார்ந்து தூளை வழித்துக்கொண்டு போகலாம். இரண்டிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடியைத் தொடாமலே போய்விட முடியும். அதனால் பெட்டி வைப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அதை நம்பி ஆளைக் குறைக்க வேண்டாம். ஒரு ஏக்கரில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் பூ விரியும்போது, சுற்றிலும் காடு இல்லாத மானாவாரிச் சீமையில் அத்தனைக்கும் வண்ணத்துப்பூச்சி வராது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதியில் இந்தப் பயிரை வைத்துப் பிழைப்பவர்கள் எல்லாரும் பூப்பருவத்தில் ஆள் விட்டுக் கையால் மகரந்தம் தொட்டுவைப்பது இதனால்தான். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பதால், செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

செய்யும் முறை எளிது. ஒழுங்காகச் செய்வதுதான் கஷ்டம். நேரம் காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை. அதற்கு முன் பனி ஈரத்தில் தூள் கட்டியாகிவிடும், உச்சிவெயிலுக்குப் பிறகு சூல்முடியின் பிசுபிசுப்பு காய்ந்துவிடும். பை வெடித்து மஞ்சள் தூள் தெரிகிற ஒரு பூவை வேறு வரிசையிலிருந்து பறித்துக்கொள்ளுங்கள். வேறு செடியின் தூள் என்றால் காய்ப்பும் நன்றாக இருக்கும், காயில் மணியும் கூடும். பறித்த பூவின் பையை, நிற்கும் பூவின் மூன்று பிரிவான நுனியில் மெல்லத் தடவ வேண்டும். நுனியில் மஞ்சள் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் படவில்லை என்று அர்த்தம். ஒரு பையில் பல பூக்களைத் தொடலாம். ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றியும் செய்யலாம், மெல்லிய தூரிகையாலும் செய்யலாம். பஞ்சு நனைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். அவசரத்தில் பலரும் செய்யும் தவறு, விரலால் பூ முழுவதையும் ஒரு தடவு தடவிவிட்டுப் போவது. அதில் தூள் சூலகத்தின் மேல் படும், சூல்முடியில் படாது, போதாததற்குச் சூல்தண்டும் ஒடியும்.

எந்தப் பூவைத் தொடுவது என்பது இன்னொரு விஷயம். விரியும்போது பூ பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். பிறகு நுனி சிவந்து அடி மஞ்சளாக நிற்கும். கடைசியில் முழுச் சிவப்பாகிவிடும். சூல்முடி நன்றாக ஏற்பது விரிந்த முதல் இரண்டு மூன்று நாள்தான். முழுக்கச் சிவந்த பூ பார்க்க அழகு, அவ்வளவே. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஆகவே ஒரு வரிசைக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் போனால் போதும், எந்தப் பூவும் தப்பாது. தொட்ட பூவின் ஒரு இதழை மட்டும் கிள்ளிவிடச் சொல்லுங்கள். மறுமுறை வருகிறவர் எதைத் தொட்டாயிற்று, எதைத் தொடவில்லை என்று நின்று யோசிக்க வேண்டியதில்லை. நீங்களும் மாலையில் போய் வேலையைச் சரிபார்க்கலாம்.

என் பேச்சை மட்டும் நம்பி ஆள் கூலி செலவழிக்க வேண்டாம். முதலில் இப்படிச் செய்து பாருங்கள். ஒரே நாளில் விரிந்த நாற்பது பூக்களைத் தேர்ந்தெடுங்கள். இருபதின் காம்பில் சிவப்பு நூல் கட்டி நீங்களே கையால் மகரந்தம் தொட்டு வையுங்கள். மற்ற இருபதில் வெள்ளை நூல் கட்டி அப்படியே விடுங்கள். பத்து நாளில் தெரிந்துவிடும்: கருவுற்ற சூலகம் பச்சையாகவே நின்று பருக்கும், கருவுறாதது வெளிறிச் சுருங்கும். சிவப்பு நூலில் பெரும்பாலானவை நின்று, வெள்ளை நூலில் ஒன்றிரண்டுதான் நின்றால், உங்கள் வயலுக்குத் தேவை ஆள், மருந்து அல்ல. சிவப்பு நூலிலும் பாதிக்கு மேல் உதிர்ந்தால்தான் உரம், தண்ணீர், நோய் என்று வேறு பக்கம் தேட வேண்டும். மழை பெய்த நாளில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், இரண்டும் உதிரும், குழப்பம்தான் மிஞ்சும்.

டானிக்குக்கு வருகிறேன். கடைகளில் அந்தப் பெயரில் வருபவற்றில் பெரும்பாலும் கடற்பாசிச் சாறு, அமினோ அமிலம், கொஞ்சம் நுண்ணூட்டம், சிலவற்றில் என்.ஏ.ஏ. போன்ற வளர்ச்சி ஊக்கி இருக்கும். என்.ஏ.ஏ. பூவும் பிஞ்சும் உதிர்வதைத் தள்ளிப்போடக்கூடியது; அது தென்னையிலும் மாவிலும் மிளகாயிலும் பழகிய விஷயம். ஆனால் இங்கே நீங்கள் விற்பது காயை அல்ல, உள்ளே இருக்கும் மணியை. மகரந்தம் சேராத சூலகத்தைச் செடியில் இன்னும் பத்து நாள் பிடித்து வைத்தாலும் அதற்குள் மணி உருவாகாது. இது உறுதி. போரான் பற்றிக் கேட்டால் பதில் அவ்வளவு நேரடியானதல்ல. மகரந்தக் குழல் வளர்வதற்குப் போரான் வேண்டும் என்பது பொதுவாக எல்லாப் பயிருக்கும் பொருந்தும். மண்ணில் பற்றாக்குறை இருந்தால் தெளித்ததும் பலன் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது, கூடிப்போனால் இலை ஓரம் கருகும். மண் பரிசோதனையில் போரான் குறைவு என்று வந்தால் மட்டும் செய்யுங்கள்.

நூல் சோதனையில் தோற்றால் பார்க்க வேண்டியவை இவை. முதலாவது தழைச்சத்து. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 75 கிலோ; ஏக்கருக்கு ஏறக்குறைய 48, 20, 30. தழைச்சத்தில் பாதியை அடியுரமாகவும், மீதியை ஒரு மாதத்திலும் இரண்டு மாதத்திலும் பிரித்துக் கொடுக்க வேண்டும். 48 கிலோ தழைச்சத்து என்பது மொத்தமாக நூறு கிலோ யூரியா சுமார். பூக்க ஆரம்பித்த பிறகு மூட்டைக் கணக்கில் யூரியா போட்டிருந்தால் கொடி ஓடும், இலை அகலும், பிஞ்சு கழியும். இரண்டாவது தண்ணீர். கண்வலிக்கிழங்கு வறட்சிக்குத் தாங்கும் என்று சொல்வது கிழங்குக்குத்தான் பொருந்தும், பூவுக்கு அல்ல. பூக்கும் நேரத்தில் மண் வெடிக்கவிட்டு, பிறகு ஒரே நாளில் பாய்ச்சினால் பூவும் பிஞ்சும் சேர்ந்தே கொட்டும். சொட்டுநீர் இருந்தால் தினமும் கொஞ்சம். வாய்க்கால் பாசனமானால் ஐந்து நாளைக்கு ஒருமுறை, மழை பார்த்து. மூன்றாவது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. பூவின் உச்சமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகிற பயிர் இது. மழை விட்ட அன்று பழைய பூக்களை விட்டுவிட்டு, மறுநாள் விரியும் புதுப் பூக்களை விடாமல் பிடிப்பதுதான் செய்யக்கூடியது.

அடுத்து நோய். மழையும் பனியும் சேரும் மாதங்களில் இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து, அது பெரிதாகி நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும் இலைக்கருகல் சாதாரணம். மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில். கருகல் வந்தால் இலை மட்டும் போகாது. இந்தக் கொடி பந்தலைப் பிடிப்பதே இலை நுனியில் சுருளும் பற்றுக்கம்பியால்தான், நுனி கருகினால் கொடி சரிந்து ஒன்றின்மேல் ஒன்று விழும். செடி அடியோடு மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்தால் அது கிழங்கழுகல். தண்ணீர் நிற்கும் இடங்களில்தான் ஆரம்பிக்கும். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தூரில் ஊற்றலாம். ஆனால் வடிகால் வெட்டாமல் மருந்து மட்டும் ஊற்றுவது வீண் செலவு. கறுப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சுமாகப் புள்ளி வைத்த புழு கூட்டமாக இலையைத் தின்னும். இதன் விஷத்தைத் தாங்கக்கூடிய புழு அது, இந்தச் செடியைத் தேடித்தான் வரும். ஆரம்பத்தில் கையால் பொறுக்குவதே நல்லது. எந்த மருந்தானாலும் மாலை நான்கு மணிக்கு மேல் அடியுங்கள். காலையில் அடித்தால் இருக்கிற கொஞ்ச வண்ணத்துப்பூச்சியும் போய்விடும், தொட்டுவைத்த தூளும் கழுவிப்போய்விடும்.

இரண்டாம் ஆண்டுத் தோட்டம் என்பதால் கிழங்கையும் ஒரு இடத்தில் தோண்டிப் பார்க்கலாம். கிழங்கு கவைபோல இரண்டு விரலாகக் கிடக்கும். ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்குருத்துதான் உண்டு. அந்த நுனி ஒடிந்தால் அந்த விரல் அந்தப் பருவத்தில் முளைக்காது, உருளைக்கிழங்கு மாதிரி துண்டு போட முடியாது. ஆண்டுதோறும் பழைய கிழங்கு வற்றி, அதன் இடத்தில் புதியது உருவாகும். போன பருவத்தில் செடி கருகலாலோ தண்ணீர் இல்லாமலோ சீக்கிரமே காய்ந்துபோயிருந்தால் புதுக் கிழங்கு சிறுத்திருக்கும். நடவுக்கு 50, 60 கிராம் எடையுள்ள கிழங்கு வேண்டும் என்று சொல்வது சும்மா அல்ல. சிறிய கிழங்கிலிருந்து வரும் கொடியும் பூக்கும், ஆனால் காயைக் கடைசிவரை நிரப்பத் தெம்பு இருக்காது. களை எடுக்கும்போது கொடியின் கொழுந்து ஒடிந்துவிட்டாலும் இதே கதை: அந்த ஆண்டு அந்தச் செடியிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். களைக்கொத்தைத் தூரில் விடாமல், கையால் பிடுங்கச் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு இன்னொரு ஏக்கர் போடும் எண்ணம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கிழங்குக் கணக்கை முதலில் போடுங்கள். வரிசைக்கு வரிசை நான்கடி, செடிக்குச் செடி ஒரு அடி என்றால் ஏக்கருக்குப் பத்தாயிரத்துக்குச் சற்று மேல். ஒவ்வொன்றும் 55 கிராம் என்றால் 600 கிலோ. அழுகல், ஒடிசல் சேர்த்து 700, 800 கிலோ வாங்க வேண்டியிருக்கும். இந்தப் பயிரில் பணத்தை விழுங்குவது இதுதான், அடுத்தது பந்தல். விதை முளைத்துக் காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டாகும் என்பதால் கிழங்குதான் வழி. கிழங்கை 0.1 சதவீதம் கார்பென்டசிம் கரைசலில், அதாவது லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கலந்து, நனைத்து நிழலில் உலர்த்தி நடுங்கள். நடவு ஆனி, ஆடியில். பந்தலுக்கு முள்கிளுவைப் போத்தும் விராலிக் குச்சியும் போதும். கம்பி போட்டால் நீடிக்கும், செலவு கூடும். என்னைக் கேட்டால், இருக்கிற ஏக்கரில் ஒரு பருவம் முழுதாக ஆள் விட்டு மகரந்தம் தொட்டு, என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த ஏக்கரை யோசியுங்கள். ஏக்கருக்கு 200 கிலோ மணி என்பது நன்றாகப் பராமரித்த தோட்டத்தின் அளவு. நீங்கள் போன ஆண்டு எடுத்திருப்பது 40. முதலாண்டு எப்போதும் குறைவுதான் என்றாலும், மிச்சத்தை இரண்டாவது ஏக்கரில் தேட வேண்டியதில்லை, முதல் ஏக்கரிலேயே கிடக்கிறது.

காயைப் பறிக்கும் பக்குவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இங்கேயும் எடை போகிறது. மகரந்தம் சேர்ந்ததிலிருந்து மூன்றரை மாதம் ஆகும். வெளிர்பச்சை கரும்பச்சையாகி, தோல் சுருங்க ஆரம்பிக்கும்போது பறிக்க வேண்டும். செடியிலேயே வெடிக்கவிட்டால் மணி மண்ணில் கொட்டும், மழை பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பறித்த காயை நிழலில் ஏழிலிருந்து பத்து நாள் பரப்பினால் தானாக வெடித்து ஆரஞ்சு நிற மணி தெரியும். மணியைப் பிரித்து மறுபடி ஒரு வாரம் காயப்போடுங்கள். உரித்த தோலைக் குப்பையில் போடாதீர்கள், அதையும் வாங்குகிறார்கள்.

மணிக்கு ஏன் இந்த விலை என்று தெரிந்தால், வைத்திருக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கும் பாதி விடை வரும். இதில் 0.7 முதல் 0.9 சதவீதம்வரை கோல்சிசின் இருக்கிறது. கிழங்கில் அதில் மூன்றிலொரு பங்குதான். கோல்சிசின் கவுட் எனப்படும் கீல்வாத வலிக்கு மாத்திரையாகக் கொடுக்கப்படுவது. இதே மணியில் உள்ள கோல்சிகோசைடிலிருந்து தயோகோல்சிகோசைடு என்ற தசைப்பிடிப்பு மருந்தைச் செய்கிறார்கள். இடுப்புவலிக்கு நம் ஊர் மருந்துக்கடையில் தரும் பல மாத்திரைகளில் அது இருக்கும். அமெரிக்காவில் 2023ல் இதயநோய்த் தடுப்புக்கும் குறைந்த அளவு கோல்சிசினை அனுமதித்தார்கள். மறுபக்கம், 2013ல் ஐரோப்பிய மருந்து முகமை தயோகோல்சிகோசைடின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது. வாங்குவது சில மருந்து நிறுவனங்கள், இடையில் கையளவு வியாபாரிகள், ஆதரவு விலை கிடையாது. இப்படிப்பட்ட சரக்கில் அடுத்த மாதம் என்ன விலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும். பொதுவாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நன்றாகக் காய்ந்த மணி ஓர் ஆண்டு தாங்கும், எல்லாரும் அறுவடை செய்து கொட்டும் மாசி, பங்குனியில் விற்பதைவிடச் சற்றுத் தள்ளி விற்பதில் பொருள் உண்டு, ஆனால் மொத்தத்தையும் பிடித்து வைக்காமல், கிழங்கு வாங்கிய கடனுக்கும் இந்தப் பருவத்து ஆள் கூலிக்கும் ஆகிற அளவை இப்போதே விற்றுவிடுங்கள். இந்த ஆண்டு மகரந்தம் தொட ஆளுக்குக் கொடுக்கக் காசு இல்லாமல் போனால், வைத்திருக்கும் மணியின் விலை ஏறியும் லாபமில்லை.

வைத்திருக்கும் மிச்சத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிராம் மணியில் 7 மில்லிகிராமுக்குக் குறையாமல் கோல்சிசின்; கீல்வாத மாத்திரை ஒன்றில் இருப்பது அரை மில்லிகிராம். ஒரு சிட்டிகை மணி பதினான்கு மாத்திரைக்குச் சமம். கிழங்கு ஒன்றே ஆளைக் கொல்லப் போதுமானது. சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் இங்கும் இலங்கையிலும் உண்டு. அவிப்பதால் விஷம் போகாது. தின்ற உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும், அது ஒருநாள் அடங்கியதுபோலக் காட்டி, பிறகு சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை என்று இறங்கும். முறிமருந்து நடைமுறையில் கிடைப்பதில்லை. குழந்தை வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், ஒரு மணியையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து பயன்படுத்துவது பயிற்சி பெற்றவர்கள் வேலை, வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். மணி பிரிக்கும் பெண்களுக்குக் கையுறையும் முகத்துக்குத் துணியும் கொடுங்கள். வேலை முடிந்து கை கழுவாமல் சோறு உண்ண விடாதீர்கள். நாற்பது கிலோவையும் மூடி போட்ட பீப்பாயில் போட்டு, அரிசியும் விதைக்கடலையும் இருக்கும் அறையில் இல்லாமல் வேறு அறையில் பூட்டி வையுங்கள். மேலே பெரிய எழுத்தில் விஷம் என்று எழுதுங்கள், ஆட்டுத் தீவனச் சாக்கை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.